அரக்கு வைத்த நாலு நிமிடம்

என் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் மேல்தட்டில் மூன்று கட்டடங்களின் பத்திரம் இருக்கும். நடுத்தட்டில் என் மனைவியின் நகை. கீழ்த்தட்டில் ஒரு காக்கிக் கவர். கவரின் வாயில் மூன்று இடத்தில் சிவப்பு அரக்கு வைத்து, அரக்கு ஆறுவதற்குள் ஒரு மொபெட் சாவியின் தலையை வைத்து அழுத்திய அச்சு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மேலே உள்ள இரண்டு தட்டும் நான் சம்பாதித்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. களக்காட்டில் அடுத்தவன் தோட்டத்து வாழைத்தாரைச் சுமந்தவரின் மகன் நான்; ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குத் தலைமுழுகியவன்; இன்று மேலப்பாளையம் சாலையில் என் கட்டடத்தை அடையாளம் சொல்லித்தான் ஆட்டோவுக்கு வழி சொல்லுகிறார்கள். ஆனால் கீழ்த்தட்டில் இருப்பது என்னுடையது இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு கேசட். அதன் கடைசியில் நாலு நிமிடம் ஒரு பெண் பேசுகிறாள். நான் அதைக் கேட்டதில்லை. அதைக் கேட்காமல் வைத்திருப்பதற்கு என்னைப் பழக்கியவர் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பெண். என் பகையையும் என் கடையையும் ஒருசேரக் கையாண்ட வக்கீலம்மா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலப்பாளையத்தில் எனக்குக் கேசட்டுக் கடை. ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, பழைய டேப் ரெக்கார்டர்களின் உறுப்புகளைக் கழற்றிக் கோத்து, ஒரே நேரத்தில் மூன்று கேசட்டில் பாட்டுப் பதிகிற ஒரு மெஷினை நானே செய்திருந்தேன். என்ஜினீயர் படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, “இது எப்படி ஓடுது?” என்று கேட்டுப்போவார்கள். ஓடுகிறது, அவ்வளவுதான் என்பேன். அந்த மெஷினைவிட எனக்குப் பேர் வாங்கித் தந்தது கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் சவுதியிலும் இருந்தார்கள். கடிதம் எழுதினால் வீட்டில் நாலு பேர் வாங்கிப் படிப்பார்கள். எழுதத் தெரியாதவள் அடுத்தவளிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் வீட்டில் பேசினால் மாமியார் கேட்பாள், நாத்தனார் கேட்பாள். என் அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கதவுக்குக் கம்பளம் அடித்திருந்தேன். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டேப் ரெக்கார்டர். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுத்துவிட்டு வருகிற வழியில், துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு பெண்கள் வருவார்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு நான் கடையைவிட்டு இறங்கி, சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்றுகொள்வேன். வெயிலோ மழையோ அங்கேதான் நிற்பேன். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தன் புருஷனோடு தனியாகப் பேச இருந்த ஒரே இடம் என் கடை என்று சொன்னால் அது பெருமைப் பேச்சு இல்லை, நடந்த நடப்பு.

தப்பு அந்த அறையில் நடக்கவில்லை. வெளியே, என் மெஷினில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற கேசட்டுகள் நல்ல ஜப்பான் சரக்கு; ஒரே கேசட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மாறிமாறிப் பேசி அனுப்பிக்கொள்வார்கள். பேசித் தீர்ந்த பழைய கேசட் இரண்டு கொடுத்தால் பாட்டுப் பதிந்த கேசட் ஒன்று தருவேன் என்று சொல்லியிருந்தேன். “பழசுல உள்ளத அழிச்சிருவிய, என்ன அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். “அதுக்கு மேல பாட்டு ஏறிட்டா பேச்சு இருந்த இடம் தெரியாதும்மா” என்பேன். அது உண்மைதான், பாட்டு ஏறிய இடம் வரைக்கும். பாட்டு முடிந்த பிறகும் டேப் மிச்சமிருந்தால், வெறும் ஓட்டம் ஓட்டி அதையும் அழிக்க வேண்டும். முதல் ஒரு வருஷம் தவறாமல் செய்தேன். பிறகு கூட்டம் பெருகியது, நேரம் இல்லை, விட்டுவிட்டேன். பதிந்ததைப் போட்டுக் கேட்டுச் சரிபார்க்கிற பழக்கமும் எனக்கு இல்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தவன், அதனாலேயே எதில் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸின் டிரைவர் நேரே கடைக்கு வந்து ஒரு கேசட்டை மேஜைமேல் வைத்தார். முந்தின நாள் என்னிடம் வாங்கிய புதுப்படப் பாட்டு. “அண்ணாச்சி, கொக்கிரகுளம் தாண்டி ஆத்துப் பாலத்துல ஏறுதேன், பாட்டு நின்னுபோச்சு. அடுத்த பாட்டு வருமேனு பாத்தா ஒரு பொம்பள பேசுதா. ‘மச்சான்’னு ஆரம்பிச்சா. எனக்கு ஸ்டீரிங்க விட முடியல. கண்டக்டர் பின்னால கெடக்கான். அவன் வந்து பிடுங்கதுக்குள்ள நாலு நிமிசம் ஓடி, பாலமே முடிஞ்சிருச்சு வே.” பஸ்ஸில் பாதிக்குமேல் மேலப்பாளையத்து ஆட்கள். என்ஜின் சத்தத்தில், அந்த ஓட்டை ஸ்பீக்கரில், குரல் யாருடையது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. “என்ன பேசினா?” என்று நான் கேட்கவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. “எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

யாருடைய குரல் என்று தெரியாததுதான் ஊரைப் பிடித்து ஆட்டியது. தெரிந்திருந்தால் ஒரு வீட்டோடு போயிருக்கும். தெரியாததால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் மருமகளை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கேட்காதவர்கள் இன்னும் நன்றாகச் சொன்னார்கள். மாமியாரைத் திட்டினாள் என்றார்கள், அழுதாள் என்றார்கள், வாயில் சொல்லக்கூடாத ஆசையைச் சொன்னாள் என்றார்கள். குரல் ஒத்திருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி ஒரு பெண்ணை அவள் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அறைக்கு அதன்பிறகு ஒருத்தியும் வரவில்லை. இரண்டு மாசம் கழித்து நான் கடைக்குப் போனபோது கதவில் கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

வழக்குப் போட்டவர்கள் நாலு பேர். முதல் ஆள் ஜவுளிக்கடை ஹாஜியார், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மனிதர். அந்த நாலு பேரும் தங்களுக்காக மட்டும் போடவில்லை. வெளிநாட்டில் ஆள் உள்ள எல்லா வீட்டுக்கும் சேர்த்து என்று கோர்ட்டில் அனுமதி வாங்கி, பேப்பரில் விளம்பரமும் கொடுத்துப் போட்டிருந்தார்கள். பின்னாலேயே முப்பத்தாறு குடும்பத் தலைவர்களின் கையெழுத்து. கடைக்குப் பின்னாலுள்ள அறையை நிரந்தரமாக மூட வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும், நான் இனி இந்தத் தொழிலே செய்யக்கூடாது. ஒரு பக்கம் முப்பத்தாறு வீடு, மறுபக்கம் நான் ஒருத்தன். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வக்கீல் தேடிப் போனேன். ஊரிலேயே பெரிய வக்கீல் ஏற்கெனவே ஹாஜியார் பக்கம் வக்காலத்து போட்டிருந்தார். அடுத்த வக்கீல் என் நோட்டீஸைப் படித்துவிட்டு, “இது ஊரோட மோதுத சமாச்சாரம், வேற ஆளப் பாருங்க” என்றார். மூன்றாவது ஆள் காப்பி மட்டும் வாங்கிக் கொடுத்தார். என் மனைவிதான் சொன்னாள்: “ஒரு பொம்பளக்கி வந்த கேடுதான இது. ஒரு பொம்பளகிட்டயே போங்களேன். இத்தன நாளா உங்க வாய வச்சு என்ன கிழிச்சிய?”

வக்கீலம்மா அலுவலகம் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில். அதற்கு இரண்டு வாசல், இரண்டு படிக்கட்டு. ஒரு படியில் ஏறி உள்ளே போனால், பேசி முடித்து மறு படியில் இறங்கிப் போக வேண்டும். வந்தவரும் வருகிறவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்று, இரட்டை வாசல் உள்ள வீடாகத் தேடிப் பிடித்திருந்தார். நான் உள்ளே நுழைந்தவுடன் மேஜைமேல் இருந்த காகிதங்களையெல்லாம் கவிழ்த்துப் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன திருடனா? பிறகு கவனித்தேன், போஸ்ட்மேன் வந்தாலும் கவிழ்த்தார், அவருடைய சொந்தத் தம்பி வந்தாலும் கவிழ்த்தார். என் சரித்திரத்தைக் களக்காட்டிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைத் தூக்கினார். “அண்ணாச்சி, இது கேஸுக்கு வேண்டாம். வேண்டாதத எனக்குச் சொல்லாதிய. தெரிஞ்சுக்கிட்டா நான் அதயும் சேத்துல காப்பாத்தணும்.” இப்படி ஒரு வக்கீலை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்பார்கள்.

நான் சட்டம் படிக்காதவன், ஆனால் மூளை இருக்கிறது. வழக்கை ஒரே நாளில் முடிக்க எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது அதை அவரிடம் எடுத்து வைத்தேன். “வக்கீலம்மா, கேசட்ட கோர்ட்டுல போடச் சொல்லுங்க. குரல் ஒருத்திக்குத்தான் சொந்தம். யாருனு தெரிஞ்சுபோவும். அவ வீட்டுக்கு மட்டும்தான் நட்டம். மிச்சம் முப்பத்தஞ்சு வீட்டுக்கும் வழக்கே கிடையாது. அவ வீட்டுக்காரன் வெளிய தல காட்ட மாட்டான். கேஸு அன்னைக்கே செத்துபோவும்.” சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். “சட்டத்துல நீங்க சொன்னது சரிதான். கூட்டமா வழக்குப் போட்டா எல்லாருக்கும் பொதுவா ஒரு நட்டம் இருக்கணும். நான் இத ரெண்டு வாரம் படிச்சு எடுத்தேன், நீங்க படிக்காமலே சொல்லுதிய.” எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா நான் அதச் செய்ய மாட்டேன்.”

“ஜெயிக்க வழி இருக்கும்போது செய்ய மாட்டேன்னா எப்படி?”

“வேற வழில ஜெயிப்போம். இல்லனா தோப்போம். அந்தப் பிள்ள உங்க கடைய நம்பிப் பேசிருக்கா. ஒருதடவ பாலத்துமேல பறிகொடுத்தாச்சு. ரெண்டாந்தடவ கோர்ட்டுல வச்சு நாமளே பறிக்கணுமா? அதுக்கு வேற வக்கீல் கிடைப்பாங்க அண்ணாச்சி. கீழ இறங்குத படி அந்தப் பக்கம்.”

எழுந்துவிட்டேன். மறு படியில் பாதிவரை இறங்கியும்விட்டேன். அப்புறம் திரும்பி ஏறினேன். வேறு வக்கீல் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. வெயிலில் எதிர்ப்புறம் நிற்பேனே, அந்த இடம் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை நாள் நின்றது எதற்கு என்று தோன்றியது. உள்ளே போனதும் வக்கீலம்மா கையை நீட்டினார். கேசட்டை வாங்கிக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி மூன்று பொட்டு வைத்தார். முத்திரை போட ஒன்றும் அகப்படவில்லை. மொபெட் சாவியை எடுத்து அதன் தலையால் அழுத்தினார். “கோர்ட்டு கேட்டா இப்படியே குடுப்போம்” என்றார்.

பிறகு அந்த முப்பத்தாறு கையெழுத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். அவர் அன்றைக்குச் சொன்ன சொல்லைப் பிற்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். “கூட்டமா வழக்குப் போட்டா முன்னால நிக்கவங்கள எல்லாரும் பாப்பாங்க. நான் அந்தக் கூட்டத்துல யாரு இல்லன்னுதான் பாப்பேன்.”

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட்டு நிறைந்திருந்தது. ஹாஜியார் கூண்டில் ஏறி நின்றார். பெரிய வக்கீல் அவரிடம் நாலு கேள்வி கேட்டு, ஊருக்கு நேர்ந்த அவமானத்தை விஸ்தாரமாகச் சொல்லவைத்தார். நஷ்டம் எவ்வளவு பெரியது என்று நீதிபதி நேரில் அறிய வேண்டும், அதனால் கேசட்டை இங்கே ஓடவிட அனுமதி வேண்டும் என்றார். நான் கேட்கச் சொன்னதை அவர்களே கேட்டார்கள். மேஜைமேல் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது போன மாசம் நான் ரிப்பேர் பார்த்த மெஷின், பெல்ட் புதுசு. வக்கீலம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், நான் ஜெயித்தேன். கவர் அவர் கையில் இருந்தது. அதை மேஜையில் வைக்காமல் எழுந்து, அதற்கு முன்னால் சாட்சியிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி வாங்கினார். குரலை உயர்த்தவே இல்லை. பின்வரிசைக்காரர்கள் காதைச் சாய்த்தார்கள்.

“ஹாஜியார், கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு பேருல அந்த அறைக்குள்ள போயி பேசுனவங்க யாரும் உண்டா?”

“இல்லம்மா. அது பொம்பளைகளுக்கு உள்ளதுல்லா.”

“பேசுன பொம்பளைக யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

ஹாஜியார் தன் வக்கீலைப் பார்த்தார். “அவங்களுக்காகத்தான நாங்க வந்திருக்கோம்.”

“அறைய மூடணும்னு அவங்க யாராவது உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?”

ஹாஜியார் இல்லை என்று தலையசைத்தார். பெரிய வக்கீல் ஆட்சேபணை என்று எழுந்தார். நீதிபதி கையால் அமர்த்தினார்.

“கடைசியா ஒண்ணு. இப்போ இதப் போட்டா குரல் யாருனு தெரிஞ்சுபோவும். அது உங்க வீட்டுக் குரலா இருந்தா, அத இத்தன பேரு முன்னால தெரிஞ்சுக்கிட நீங்க விரும்புதியளா?”

ஹாஜியார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இரண்டு மகன் ரியாத்தில், இரண்டு மருமகள் வீட்டில். “வேண்டாம்” என்றார்.

“உங்க வீடு இல்ல, எதுத்த வீடுன்னா?”

ஹாஜியார் தலைத் தொப்பியை ஒருதரம் சரிசெய்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்க்காமல் நேரே நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். “அய்யா, அதப் போட வேண்டாம். அந்த மிஷின எடுத்துரச் சொல்லுங்க.”

அதோடு வழக்கின் முதுகெலும்பு முறிந்தது. ஆனால் வக்கீலம்மா அதை முறித்துப்போட்டுவிட்டு வரவில்லை. அடுத்த வாரம் இரு தரப்பையும் உட்கார வைத்து ராஜி எழுதினார். நஷ்டஈடு கிடையாது. கவரைப் பிரிக்கக் கூடாது. நான் வைத்திருக்கிற பழைய கேசட் அத்தனையையும் ஊர்ப் பெரியம்மாக்கள் இரண்டு பேர் முன்னால் அழிக்க வேண்டும். அறை மூடப்படாது, ஆனால் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டும், பேசியவளே கேசட்டைத் தன் கையால் எடுத்துப்போக வேண்டும். அறை இருக்க வேண்டும் என்று எழுதிய இடத்தில் பெரிய வக்கீல் முறைத்தார். “அத மூடுனா பேசுனவங்களுக்குத்தான் தண்டன சார்” என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனார் வக்கீலம்மா. எல்லாம் சரி, கடைசி நிபந்தனையில்தான் நான் துள்ளினேன். நான் என் கடை வாசலில் நின்று, ஊர் கேட்க மன்னிப்பு வாசிக்க வேண்டும்.

“தோத்தவன்தான மன்னிப்பு கேப்பான்? நாமதான ஜெயிச்சோம்” என்றேன்.

“ஜெயிச்சவன் கேட்டாத்தான் அண்ணாச்சி அதுக்கு விலை. அழிச்சிருவேன்னு சொன்னது நீங்கதான?”

மன்னிப்பை என்னையே எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு நாள் முயன்று எழுதினேன். நாலாவது வரியில் ‘நேர்மைக்குப் பேர்போனவனும், சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தவனுமாகிய நான்’ என்று சேர்த்திருந்தேன். சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, ‘நான்’ என்பதை மட்டும் விட்டுவைத்தார்.

சாயங்காலத் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்தில் வாசலில் நின்று வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் நான். ‘அலட்சியத்தால்’ என்ற சொல்லில் நாக்கு இடறியது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி இடறியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் முன்னால் வந்து என் கையிலிருந்த தாளைப் பைய மடித்து என் சட்டைப் பையில் வைத்து, “போதும் அண்ணாச்சி, கேட்டுட்டோம்” என்றார். அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்த அந்தப் பெண்ணை அன்றைக்கே போய்க் கூட்டிவந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் குரலா இல்லையா என்று அதற்குப்பின் யாரும் பேசவில்லை. பேசினால் ஹாஜியார் ஒரு பார்வை பார்ப்பார்.

அழிக்கிற வேலை நாலு நாள் நடந்தது. இரண்டு பெரியம்மாக்கள் வெற்றிலைப் பெட்டியோடு கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்முன்னாலேயே ஸ்பீக்கர் வயரைப் பற்றவைத்த இடத்தில் பிடுங்கிப் போட்டேன். அதன்பின் மெஷின் ஊமையாகச் சுற்றியது. சாக்கிலிருந்து ஒவ்வொரு கேசட்டாக எடுத்து இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டினேன். சும்மா சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு பெரியம்மா கேட்டாள்: “ஏன் அண்ணாச்சி, எம் மருமக என்னயப் பத்திச் சொன்னதும் இதுல அழிஞ்சுபோவுமா?” போகும் என்றேன். “அப்பச் சரி. அத மட்டும் ரெண்டு ஓட்டம் ஓட்டும்.” மற்றவள் சொன்னாள், “நீ அவளப் பத்திச் சொன்னத அழிக்க ஊருல மிஷின் கிடையாது.” நாலு நாளும் என் கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை. ஐந்தாம் நாள் அறைக்கு முதல் ஆள் வந்தாள். நான் சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்றேன்.

அந்த வழக்கு என்னைத் தூக்கிவிட்டதைவிட வக்கீலம்மாவை அதிகமாகத் தூக்கிவிட்டது. வாழைமண்டிக்காரர் ஒருவர்மேல் பக்கத்து நாலு கிராமத்து விவசாயிகள் கூட்டமாக வழக்குப் போட்டபோது அவர் போனது இந்த அம்மாவிடம். ரத்தம் பரிசோதிக்கிற இடத்திலிருந்து நோயாளிகளின் பேர்ப்பட்டியல் வெளியே போய்விட்ட வழக்கில், அந்த முதலாளிக்கு இவர்தான் வக்கீல். அவருக்குப் போட்ட முதல் நிபந்தனை, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தனியாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது. “ஊரே சேந்து உம்மேல கேஸ் போட்டா ரெட்டவாசல் வக்கீலம்மாட்டப் போ” என்று நெல்லையில் சொல்லுவார்கள். அவரிடம் போனால் ஜெயிக்கலாம், ஆனால் மூஞ்சியைக் கழுவிவிட்டுத்தான் அனுப்புவார் என்றும் சேர்த்துச் சொல்லுவார்கள். இன்றைக்குப் பேப்பரில் அந்தரங்க உரிமை என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை ஒருத்தரும் கேள்விப்படாத காலத்தில், காகிதத்தைக் கவிழ்த்துப்போட்டு அதை நடத்திக்காட்டியவர் அவர். அவரைக் கண்டுபிடித்தவன் நான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். என் மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்லுவேன்.

ராஜி முடிந்து கவர் என் கைக்குத் திரும்பி வந்த அன்று, இதையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வக்கீலம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “இது உங்களுதும் இல்ல, கோர்ட்டுதும் இல்ல. அழிக்கணுமா வைக்கணுமான்னு பேசுனவதான் சொல்லணும். அவ வந்து கேக்கும் வர இருக்கட்டும்.” அவள் எப்படி வந்து கேட்பாள், கேட்டால் யாரென்று தெரிந்துபோகுமே என்றேன். “அது அவ பாடு. உங்க பாடு, வச்சிருக்கது.”

கேசட்டுக் காலம் போய்விட்டது. அதே அறையில் கண்ணாடிக் கதவு போட்டு எஸ்.டி.டி. பூத் வைத்தேன். சாலையில் ஏழு பூத் இருந்தும் பெண்கள் என் பூத்துக்குத்தான் வந்தார்கள். முதல் கட்டடம் அதில் எழும்பியது. ஒருநாள் பகல்நேரம். ஒரு பெண் பேசி முடித்துவிட்டு வந்து ரூபாயை மேஜைமேல் வைத்தாள். நான் பில் கிழித்துக்கொண்டிருந்தேன். துப்பட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “அண்ணாச்சி, அந்தக் கவரு பத்திரமா இருக்கா?”

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ செய்திருக்கிறேன். கையால் மெஷின் செய்தேன், கட்டடம் கட்டினேன், மூன்று பெண்களைக் கரையேற்றினேன். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது அந்த நேரத்தில் தலையைத் தூக்காமல் பில் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இருக்கும்மா” என்றேன். “அழிச்சிரட்டுமா?”

“வேண்டாம். இருக்கட்டும்” என்றாள். படியிறங்குகிற சத்தம் தேய்ந்து போகும்வரை நான் பில்லில் உள்ள நம்பரையே படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பாளையங்கோட்டைக்குப் போய் வக்கீலம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பிள்ள வந்துச்சு” என்று வாயெடுத்ததும் கை தூக்கினார். “யாருனு சொல்லாதிய.” “நானே பாக்கல வக்கீலம்மா” என்றேன். கையைக் கீழே இறக்கி அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

இப்போது அவர் கோர்ட்டுக்குப் போவதில்லை. இரட்டை வாசல் வீட்டை இடித்துவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்து, சத்தமாக ஓடவிட்டு, வீட்டுச் சமாச்சாரத்தையெல்லாம் பஸ்ஸுக்கே சொல்லுகிறார்கள். அதே பாலத்தைத் தாண்டும்போது எனக்குச் சிலசமயம் சிரிப்பு வரும். போன வாரம் என் மகன் இரும்புப் பெட்டியை ஒதுங்க வைக்க வந்தான். பத்திரத்தை எடுத்து வெளியே வைத்தான், நகையை வைத்தான், கீழ்த்தட்டில் கைவிட்டுக் கவரை எடுத்தான்.

“இதுல என்னப்பா?”

“நாலு நிமிசப் பேச்சு.”

“யாரு பேசுனது?”

“தெரியாது.”

“என்ன பேசுனது?”

“அதுவும் தெரியாதுடே.”

அவன் அரக்கில் இருந்த சாவி அச்சை விரலால் தடவிப் பார்த்தான். “பிறகு எதுக்கு வச்சிருக்கிய?” என்று கேட்டான். “வச்சிருக்கச் சொல்லிருக்கு” என்றேன். யார் என்று அவன் கேட்கவில்லை. பத்திரங்களைத் துணிப்பையில் போட்டு மேல்தட்டிலும், நகையை நடுத்தட்டிலும் வைத்தான், கவரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துப் பெட்டியைச் சாத்தினான்.